துரை புத்தகமும் தட்டுவடை செட்டும்: சேலம், ஏற்காடு நான்கு நாள்

நவம்பர் 14, வெள்ளி. சேலம்

“பைபிளா சார்?”

இன்றைக்கு இதே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மதுரையிலிருந்து வந்த பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், லாட்ஜில் பை தூக்க வந்த பையன், ராத்திரி தட்டுவடைக் கடையில் ஒரு அம்மா. தலையணை உறையில் சுற்றி, அதற்கு மேல் பாலிதீன் கவர் போட்டு, மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தால் வேறென்ன நினைப்பார்கள்? தடிமனும் அப்படித்தான். முதுகு வேறு தோல்.

பைபிள் இல்லை, பழமொழிப் புத்தகம். பீட்டர் பெர்சிவல் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து, 1874ல் சென்னை தினவர்த்தமானி அச்சுக்கூடத்தில் அச்சானது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள். பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர் (ஆக, கேட்ட மூன்று பேரும் ரொம்பத் தப்பாகக் கேட்டுவிடவில்லை). அப்புறம் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர். தினவர்த்தமானி என்று பத்திரிகை நடத்தி, அதற்கு சி.வை. தாமோதரம்பிள்ளையை ஆசிரியராக உட்கார வைத்தவர். 1882ல் ஏற்காட்டில் இறந்தார். அந்தக் கடைசி விஷயம்தான் என்னை இங்கே இழுத்து வந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் ‘துரை புத்தகம்’. தாத்தா 1946ல் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராகச் சேர்ந்தவர். பெர்சிவல் கையில் வைத்திருந்த பிரதி பல கை மாறி எஸ்டேட் துரையிடம் வந்ததாம்; அவர் கப்பலேறிப் போகும்போது தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். ஆதாரம் கேட்டால் தலைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டுவார்கள். மேல் ஓரத்தில் பழுப்பு மையில் ஆங்கில எழுத்து இரண்டு. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஏற்காடு என்று ஊர்ப்பெயர். அந்த இரண்டெழுத்தையும் ‘பி.பி.’ என்றே படித்து வளர்ந்தோம்.

இப்போது பெரியப்பா மகன், அண்ணன், பழைய புத்தகம் வாங்குகிற ஒருவரைப் பிடித்திருக்கிறார். சாதாரணப் பிரதி என்றால் நாலாயிரம், தொகுத்தவர் கையிலிருந்த பிரதி என்று நிரூபித்தால் நாற்பதாயிரம் என்றாராம். ஒரு சைபருக்காக நான் நாலு நாள் லீவு போட்டிருக்கிறேன்.

செவ்வாப்பேட்டைச் சந்து ஒன்றில் இருக்கும் பைண்டர் ஒருவரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மழையில் ரெண்டு சந்து தப்பாக நுழைந்து, கொலுசுப் பட்டறைகளின் டொக் டொக் சத்தத்துக்கு நடுவே கண்டுபிடித்தால், ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. “காலையில வாங்க, இந்த ஈரத்துல அதைத் திறக்கவே திறக்காதீங்க” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. பிடித்துவிட்டது.

திரும்பும் வழியில் தட்டுவடை செட். தெரியாதவர்களுக்கு: சின்ன தட்டை இரண்டு, நடுவில் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலும் கீழும் சட்னி. நாற்பது ரூபாய். ஒரே வாயில் போட வேண்டும். கடித்தால் சட்டையில்தான் மிச்சம். எனக்குச் சட்டையில்தான்.

லாட்ஜ் அறையில் ஜன்னல் ஓரமாக ஒழுகுகிறது. புத்தகம் கட்டில் நடுவில், நான் ஓரத்தில்.

நவம்பர் 15, சனி. சேலம்

இன்று ஊர் சுற்றவில்லை. பத்து மணியிலிருந்து நாலு மணி வரை ஒரே பெஞ்சு.

பைண்டருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அந்தக் காலத்தில் செவ்வாப்பேட்டை வியாபாரிகளுக்குப் பேரேடு தைத்தே குடும்பம் நடந்ததாம். கம்ப்யூட்டர் வந்ததும் அது போய், இப்போது காலேஜ் பிராஜெக்டும் கோயில் ரசீது புத்தகமும்தான். கடையில் மைதா பசை வாசனை, அதோடு கொஞ்சம் மயில்துத்தம். துத்தம் போடாத பசையில் பூச்சி குடும்பம் நடத்தும் என்றார். சேலத்தில் இருந்துகொண்டு மரவள்ளி ஸ்டார்ச் பசை இல்லாமலா என்று கேட்டேன். “அது அட்டைக்கு. தாளுக்கு மைதாதான் எனக்கு ஒத்து வரும்” என்றார்.

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் தலைப்புப் பக்கத்தைத் தேடவில்லை. முதுகைத் தடவினார், விரலைக் காட்டினார். செம்மண் அப்பியது மாதிரி பொடி.

“ஆவாரம்பட்டைத் தோல் தம்பி. நம்ம ஊரு பதம்.”

அவர் சொன்னதும் எனக்கு எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட மதராஸ் தோல் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிய காலம் உண்டு. நூலகங்களில் தோல் கட்டுகள் இப்படிப் பொடிந்து கொட்டுவது ஏன் என்று ஆராய லண்டனில் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு கமிட்டி போட்டது. 1901ல் வந்த அதன் அறிக்கை, புத்தகத்துக்கு ஆகாத தோல்களில் இந்தியாவிலிருந்து போன இந்தப் பதத்தையும் சேர்த்தது. பைண்டரிடம் சொன்னேன். சிரித்தார். “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு சொல்லுவாங்க. மனுசனுக்குத்தான் போல, தோலுக்கு இல்ல.” அடுத்து நான் அந்தப் பழமொழி புத்தகத்தில் இருக்கிறதா என்று தேடப் போக, கையைத் தட்டிவிட்டார். “அப்பறம் படிக்கலாம். கட்டைப் பாருங்க.”

நடுவில் ஒரு ஃபாரத்தை மெல்ல விரித்தார். பெரிய தாளை மடித்தால் வரும் எட்டோ பதினாறோ பக்கம் ஒரு ஃபாரம். அந்த மடிப்பின் முதுகில் ஊசி போய் வரும். அப்படி ஃபாரம் ஃபாரமாகத் தைத்தால்தான் புத்தகம் தட்டையாக விரியும். மடிப்புக்குள் நூல் ஓடுகிற துளைகள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, நூல் இல்லாமல் வெறுமே சில துளைகள்.

“எண்ணுங்க.”

எண்ணினேன். நூல் போகும் துளை ஐந்து. சும்மா கிடப்பது நான்கு.

“அந்த நாலும் மொதல் கட்டோடது. யாரோ பிரிச்சு மறுபடி தச்சிருக்காங்க.”

எழுபது வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கிறது, ஒருத்தருக்கும் இது தெரியாது. நாங்கள் பார்த்ததெல்லாம் முதல் பக்கத்தில் இரண்டு எழுத்து.

மறுகட்டு எப்போது என்று எப்படிச் சொல்வது? முதுகுத் தோல் மேல் பக்கமாகக் கிழிந்து பல்லி வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்க்கச் சொன்னார். தோலுக்கும் தையலுக்கும் நடுவே வெளுத்த ரோஸ் நிறக் காகிதம் ஒட்டியிருந்தது. பைண்டர்கள் முதுகுக்கு உரம் கொடுக்கக் கையில் கிடைத்த கழிவுத் தாளைக் கிழித்து ஒட்டுவார்கள். புதுத் தாளை அங்கே யாராவது வீணாக்குவார்களா? தலையை ஒருக்களித்துப் படித்தேன்: ‘…தம புத்திரன்’.

“சினிமா நோட்டீஸ்!” அவருக்கு என்னைவிட சந்தோஷம். “உத்தம புத்திரன். சிவாஜி ரெண்டு வேசம்.”

அப்படியானால் 1958. ஆனால் டார்ச்சை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கியதும் அடுத்த துண்டு தெரிந்தது. ‘…ன்னப்பா’. சிவாஜி படமில்லை, பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்டது. 1940ல் வந்தது, எடுத்தது இதே சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ். அந்தத் துண்டு மட்டும் கண்ணில் படாமல் போயிருந்தால் பதினெட்டு வருஷம் பிசகியிருப்பேன். படம் பிறகும் டூரிங் கொட்டகைகளில் ஓடியிருக்கும். அதனால் 1940லேயே கட்டியது என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னால் இல்லை, அவ்வளவுதான். பின் அட்டையின் உள்பக்க மூலையில் பென்சிலில் 3-8-0 என்று இருந்தது. மூன்று ரூபாய் எட்டணா. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். ஆக அதற்கு முன்னால். புத்தகம் வாங்கின விலையா, பைண்டிங் கூலியா? “கூலின்னா ரொம்ப ஜாஸ்தி” என்பது இவருடைய தொழில் தீர்ப்பு.

சரி, தலைப்புப் பக்கம். கடைசியாகத்தான் அங்கே வந்தார்.

அதற்கு முன்னால் இன்னொன்று காட்டினார். நடுவில் ஒரு தாளின் மேல் மூலை உள்பக்கமாக மடிந்திருந்தது. யாரோ அடையாளத்துக்கு மடித்தது என்று நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை நகத்தால் மெதுவாக நிமிர்த்தினார். மூலை மற்ற பக்கங்களை விடக் கால் அங்குலம் மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

“கத்திக்குத் தப்பிச்சது இது ஒண்ணுதான்.”

மறுபடி தைத்தவர் மூன்று பக்கமும் ஓரத்தைச் சீவியிருக்கிறார். மடிந்து கிடந்ததால் இந்த மூலை மட்டும் கத்திக்கு எட்டவில்லை. அப்படியென்றால் எல்லாப் பக்கத்திலும் மேலே கால் அங்குலம் போயிருக்கிறது. தலைப்புப் பக்கத்திலும்.

அந்தப் பழுப்பு எழுத்துகளை முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். கடுக்காய், அன்னபேதி வகை மை, கறுப்பாக எழுதிக் காலத்தால் பழுத்தது. இரண்டு எழுத்துக்கும் தலை இல்லை. ஆங்கில ‘பி’க்குத் தொப்பை மேலேதானே? அந்த மேல்பாதிதான் சீவிப் போயிருக்கிறது. மிச்சம் நிற்பது இரண்டு கால், பக்கத்தில் இரண்டு புள்ளி. ‘எஃப்’ ஆக இருக்கலாம், ‘டி’ ஆக இருக்கலாம், ‘ஐ’ ஆகக்கூட இருக்கலாம். ரெண்டு குச்சியைப் பார்த்து எழுபது வருஷம் ‘பி.பி.’ படித்திருக்கிறோம்.

நாற்பதாயிரத்தின் சைபரும் அந்தக் கால் அங்குலத்தோடு போயிற்று. டீ சொன்னார், காசு கொடுக்க விடவில்லை.

நான் சுருங்கிப் போனதைப் பார்த்தோ என்னவோ, பென்சில் எழுத்துகளைத் தாமாகவே காட்டினார். பக்க ஓரங்களில் பொடித் தமிழில் நிறைய உண்டு. வீட்டில் யாரும் மதித்ததில்லை. அவற்றில் ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. ஓரத்துக்கு நெருங்கும்போது எழுத்து சின்னதாகி, இடமில்லாமல் கீழே வளைந்து இறங்குகிறது. ஓரம் சீவிய பிறகு, இந்த அளவுப் பக்கத்தில் எழுதியவர் கை. சில இடத்தில் ௸ என்று போட்டிருந்தது. மேற்படி. கணக்கெழுதிப் பழகியவர். ஒரு பக்கத்தின் அடியில் சொந்தச் சரக்கு மாதிரி ஒன்று:

‘அட்டைக்குப் பயந்தவன் தோட்டத்துக்கு வராதே, மேஸ்திரிக்குப் பயந்தவன் மலைக்கே வராதே.’

“எங்களுக்கும் அட்டைதான் சோறு போடுது” என்று பக்கத்து அட்டைக் கட்டைத் தட்டிக் காட்டினார் பைண்டர்.

புதுத் தோல் போட வேண்டாம், தையல் நன்றாக இருக்கிறது, நோட்டீஸை உரிக்கவும் கூடாது, அளவுக்கு ஒரு பெட்டி செய்தால் போதும் என்றார். எண்ணூறு ரூபாய். அளவெடுத்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

நவம்பர் 16, ஞாயிறு. ஏற்காடு

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார். பதினோராவது வளைவில் அரை மணி நேரம் நின்றோம். முன் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுக்க, எங்கிருந்தோ மூன்று எலுமிச்சம்பழம் மூன்று திசையிலிருந்து நீண்டது. எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, கூடை நிறைய மலை ஆரஞ்சு. ஒன்றை உரித்துப் பாதியை என் கையில் வைத்துவிட்டு, “பைபிளா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அசதி.

மேலே பனி. ஏரி இருக்கும் இடத்தில் வெள்ளைத் துணி விரித்த மாதிரி. பஜ்ஜிக் கடைப் புகை எது, பனி எது என்று மூக்குதான் சொன்னது. மிளகாய் பஜ்ஜி பிளேட் ஐம்பது. ஊர் விலை இல்லை, குளிர் விலை.

அத்தை வீடு ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் உள்ளே. எழுபத்தேழு வயது, தாத்தாவின் கடைசிப் பெண். அரிசிம்பருப்பு சாதம், நெய், சுட்ட அப்பளம், தோட்டத்துக் காப்பி. சாப்பிட்டு முடிக்கிற வரை வாயைத் திறக்கவில்லை நான். பிறகு துளை, நோட்டீஸ், மூலை, தலையில்லாத எழுத்து என்று எல்லாம் சொன்னேன்.

“அப்ப எங்கப்பா பொய் சொன்னாருங்கறயா கண்ணு?”

“இல்லத்தை, அந்த எழுத்து…”

“உத்தம புத்திரன் சிவாஜி படம். எனக்குத் தெரியாதா?”

அதை விளக்க இன்னொரு காப்பி ஆயிற்று. பெர்சிவல் பிரதியாக இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அவர் இந்த ஊரில்தான் இறந்தார். அவர் மாப்பிள்ளை ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ஃபூட், ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில்தான் குடியிருந்தார். அந்தக் குடும்பத்துப் புத்தகங்கள் இந்த மலையில் சுற்றியிருக்க இடமுண்டு. ஆனால் ரெண்டு குச்சியை வைத்துக்கொண்டு யாரிடம் பேசுவது?

அத்தை எழுந்து போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். டிரங்குப் பெட்டியைக் குடைந்து ஒரு நோட்டோடு வந்தார். பெரிய அத்தை கல்யாணச் செலவு, 1961. பந்தக்காரர், சமையல், வாழையிலை, கடலெண்ணெய். தாத்தா கை. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தேன். பழைய ணை, லை எல்லாம் ஒன்றாக இருந்தது. அதை நம்பக் கூடாது, அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் அந்த ௸. கடைசிச் சுழியைக் கீழே இழுத்து, அதை அடுத்த சொல்லுக்கு அடிக்கோடாகவே நீட்டிவிடுகிற பழக்கம். வாழையிலைக் கணக்கில் நாலு இடத்தில், பழமொழி ஓரத்தில் பார்த்த இடமெல்லாம். அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“எப்பவும் ‘துரை புத்தகத்தை எடு’ம்பார். ராத்திரி லாந்தர் வச்சிட்டு ஏதோ எழுதிட்டே இருப்பார்.”

“துரை கொடுத்த புத்தகம்னு சொல்லுவாரா?”

யோசித்தார். ரொம்ப நேரம்.

“துரை புத்தகம்னுதான் சொல்லுவார். துரை எழுதின புத்தகம்தானே?”

கொடுத்ததும் கப்பலேறியதும் யார் சேர்த்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அத்தை பெரியப்பாவைச் சந்தேகப்படுகிறார். நான் அத்தையைச் சந்தேகப்படுகிறேன்.

மூன்று ரூபாய் எட்டணா கொடுத்துத் தாத்தா ஒரு பழமொழிப் புத்தகம் வாங்கினார் என்று பாட்டிக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அத்தை சொல்லிச் சிரித்தார். ராத்திரி கம்பளி இரண்டு. மழை ஓட்டில் விழுகிற சத்தம்.

நவம்பர் 17, திங்கள். சேலம், மதுரை

காலை பஸ் காலி. ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரம். வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவு. மேலே போகும்போது கூட்டத்தில் கவனிக்கவில்லை. இன்று தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டேன்.

பெட்டி தயார். பச்சைக் காலிகோ, உள்ளே வெள்ளைத் துணி. புத்தகம் இறங்கும்போது காற்று மெல்ல வெளியேறுகிற அளவுக்குக் கச்சிதம். மழை நாளில் பெட்டியைத் திறக்காதே, பீரோவில் சுவரோடு ஒட்டி வைக்காதே, தோலுக்கு எண்ணெய் தடவாதே என்று மூன்று உத்தரவு. “பென்சில் எழுத்தை அழிச்சுக் குடுங்கன்னு கேக்கறவங்க உண்டு” என்று மேசையிலிருந்த ரப்பரைக் காட்டினார். ௸ விஷயத்தைச் சொன்னேன். ரப்பரை டிராயரில் போட்டு மூடினார். எண்ணூறில் ஐம்பது குறைத்துக்கொண்டார், காரணம் சொல்லவில்லை.

அண்ணனுக்கு போன் பண்ணினேன். முழுக் கதையும் கேட்டுவிட்டு, “அப்ப நாலாயிரம்தானா?” என்றார். பெட்டி, லாட்ஜ், பஸ், தட்டுவடை எல்லாம் போகப் பார்த்தால் அதிலும் பாதிதான் தேறும் என்றேன். “தாத்தா எழுதினதை மொதல்ல போட்டோ எடுத்து அனுப்பு” என்றார்.

நாமக்கல் தாண்டும்போது அத்தையிடமிருந்து போன். அந்த அட்டைப் பழமொழி முழுசாக இல்லையாம், தாத்தா சொல்லும்போது இன்னொரு வரி வருமாம்: ‘ரெண்டுக்கும் பயப்படாதவன் கணக்கெழுத வா.’ புத்தகத்தில் எழுதிவிடு என்றார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன்.